கடற்காற்றும் மோட்டார் வண்டியும்

நொச்சிக்குப்பத்துக் கடலோரத்தே நிற்கும் மோட்டார் வண்டியின் மேற்பூச்சிலே துருவைத் தேடுவார் பலர். யாம் அடிப்புறத்தைப் பார்க்க என்போம். காற்றுச் சுமந்துவரும் உப்பு ஆண்டும் கதவுகளின் உள்ளும் படிகின்றது; உப்போ காற்றின் ஈரத்தைத் தன்பால் ஈர்ப்பது. ஆதலின் மழையில்லா நாளிலும் அவ்விடங்கள் நனைந்தே கிடக்க, நீரும் பிராணவாயுவும் கூடி இரும்பைத் துருவாக்குகின்றன.

செம்பிற் படிவதைக் களிம்பென்றும் இரும்பிற் படிவதைத் துருவென்றும் தமிழர் வேறு பெயரிட்டமை பொருத்தமே. களிம்பு செம்பை ஒருவாறு மூடிக் காக்கும். துருவோ பொருக்காய் உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இரயிற்பாலத்தில் 2022-இல் போக்குவரத்து நின்றது இத்துருவாலன்றோ!

மீனும் பனிக்கட்டியும் ஏற்றும் வண்டிக்கு இடர் இரட்டிப்பு. உப்புநீர் அதன் தளத்திலேயே வடிகின்றது. அவ்வண்டியோ ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மீனை இறக்கிய அன்றே தளத்தையும் அடிப்புறத்தையும் நன்னீரால் கழுவுக. கதவின் கீழுள்ள நீர்வடி துளைகள் மணலால் அடைபடாமற் பார்க்க. வண்ணம் பெயர்ந்த இடத்தில் துருவை முற்றச் சுரண்டிய பின்னரே புதிது பூசுக. சுரண்டாது பூசின் துரு உள்ளேயே வளரும். உறையிட்டு மூடுதலைப் பெருங்காப்பென்று கருதுவாருளர். ஈரம் உலருமுன் மூடின், அவ்வுறையே ஈரத்தைச் சிறைவைக்கும்.