பாட்டியின் வானொலி

கேமரன் மலையின் வடபகுதியில் உள்ளது கம்போங் ராஜா. அதையொட்டிய தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டி அதில்தான் தமிழ்ச் செய்தியும் பழைய பாடல்களும் கேட்பார். சில வாரங்களாகச் செய்தி ஓரளவு தெளிவாகவே கேட்கிறது. பாட்டு வந்தால் மட்டும் குரல் கரகரக்கிறது. ஒலித் திருகை முழுவதும் திருப்பினாலும் ஓசை கூடுவதில்லை, கரகரப்புத்தான் கூடுகிறது. "போதும் அம்மா, புதியது வாங்கிவிடலாம்," என்கிறார் அப்பா. படிவம் நான்கில் பயிலும் பேத்திக்கு அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது. 1954இல் ரீஜென்சி டிஆர்-1 என்னும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. வெற்றிடக் குழல்களைச் சூடாக்க வேண்டிய தேவை நீங்கியதால், மின்கம்பி எட்டாத இடங்களிலும் சில மின்கலங்களைக் கொண்டே வானொலி பாடியது.

அந்தச் சில மின்கலங்கள்தாம் இங்கே எல்லையும் கூட. ஒலித் திருகு திறனை உண்டாக்குவதில்லை. நிலையத்திலிருந்து வந்த மெல்லிய மின்குறிப்பில் எவ்வளவு பெருக்கிச் சுற்றுக்குள் போகட்டும் என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. ஸ்பீக்கரை அசைக்கும் திறன் முழுவதும் மின்கலத்திலிருந்தே வருகிறது. குழாயை எவ்வளவு திறந்தாலும் தொட்டியில் உள்ள நீர்தானே வரும்?

பெருக்கிச் சுற்றின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். இருவர் எதிரெதிரே நின்று மரம் அறுக்கும் ரம்பத்தைப்போல, ஒலி அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றொன்றும் ஏற்கின்றன. ஓசை குறைவாக இருக்கையில் அவை மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே உண்ணும். உரத்த இசையில் பல மடங்கு கேட்கும். செய்தி தப்பித்துக்கொள்ள, பாட்டு மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 1.5 வோல்ட் மின்கலங்கள் ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். வெளியீட்டில் மின்மாற்றி இல்லாத சுற்றில் அலையின் உச்சம் அதில் பாதியான 4.5 வோல்ட்டைத் தாண்டாது. உச்சத்தை வர்க்கப்படுத்தி, ஸ்பீக்கர் தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஏறத்தாழ 1.27 வாட். டிரான்சிஸ்டர்களே கொஞ்சம் விழுங்கிவிடுவதால் கைக்கு வருவது இதைவிடக் குறைவு. மின்கலங்கள் தளர்ந்து 6 வோல்ட் ஆனால், அதே கணக்கு 0.56 வாட் என்கிறது. மின்னழுத்தம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. திறனோ பாதிக்கும் மேல் போய்விட்டது! அதற்கு மேலும் திருகைத் திருப்பினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். அதுவே கரகரப்பு.

பேத்தி மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறாள். வானொலி அணைந்திருக்கையில் 9 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். வானொலியை உரக்கப் பாடவிட்டு அளந்ததும் முள் 6 வோல்ட்டுக்கு இறங்கித் துள்ளுகிறது. மலைக்குளிரும் மின்கலத்தைச் சற்றுத் தளர்த்தும். ஆனால், குளிரின்மீது பழிபோடும் முன் மின்கலப் பெட்டியின் சுருள்கம்பிகளைப் பார்ப்பது நல்லது. இங்கே அவற்றில் களிம்பு படிந்திருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஒரே வகையான ஆறு புதிய மின்கலங்களை அவள் பொருத்துகிறாள்.

"நாலு ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் இன்னும் உரக்கக் கேட்குமே?" என்கிறான் தம்பி. கணக்குப்படி திறன் இருமடங்காகும், மின்னோட்டமும் இருமடங்காகும். 8 ஓமுக்கென அமைந்த டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகக்கூடும். அத்தனை ஆபத்துக்கும் கிடைப்பது 3 டெசிபல் உயர்வுதான். காதுக்கு அது "சற்றுக் கூடியதுபோல" இருக்கும், அவ்வளவே. அதைவிட, விரிசல் விட்ட பெட்டியை ஒட்டுவது பயன் தரும். ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் எழும் அலைகள் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் பெட்டிதான் தடுக்கிறது. பெட்டி சரியில்லையென்றால் மிருதங்கத்தின் ஆழ்ந்த ஒலி முதலில் காணாமல்போகும்.

மறுநாள் காலை பாட்டி வானொலியை முடுக்குகிறார். திருகு நேற்றைய இடத்திலேயே, முழுவதும் திருப்பியபடி இருக்கிறது. அவர் திடுக்கிட்டுக் கையை நீட்டி அதைப் பாதிக்குக் குறைக்கிறார்.