நோட்டு சொன்ன கணக்கு

கர்நாடகத்தில் சன்னபட்டணா என்ற ஊர் உள்ளது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரம். மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே வீட்டிலேயே கடைசல் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு.

வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழல விடுவார்கள். உளியால் கடைவார்கள். பிறகு வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும்.

அப்படி ஒரு வீடு. கணவர் கடைவார். மனைவி அரக்குப் பூசுவார். மனைவி இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்.

ஒரு முறை 50 பொம்மை வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. ஒரு வண்டிக்கு 4 சக்கரம். 6 நாள் தவணை. அன்றே மரம் வாங்கி வேலையைத் தொடங்கினார்கள்.

வேலை ஓடவில்லை. கரண்டு போனது. பெல்ட் அறுந்தது. உளி மழுங்கியது. கடைந்த சக்கரங்கள் மறுநாளே வெடித்தன.

“நமக்கு நேரம் சரியில்லை” என்றார் கணவர்.

மனைவி பதில் சொல்லவில்லை. வேலை நின்ற போதெல்லாம் நோட்டில் எழுதி வந்தார்.

கடைசி நாள் இரவு. கணவர் அவசரத்தில் ஓடும் இயந்திரத்தின் மேல் குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனி சுழலும் மரத்தில் சிக்கியது. மனைவி பாய்ந்து சுவிட்சை அணைத்தார். துண்டு கிழிந்தது. கழுத்து தப்பியது.

மறுநாள் 40 வண்டிகளே தயாராயின. அவற்றுக்கு மட்டும் பணம் கிடைத்தது.

மனைவி நோட்டைப் படித்துக் காட்டினார்.

கரண்டு இல்லை: 2 மணி நேரம்
பெல்ட் மாற்றியது: 1 மணி நேரம்
உளி தீட்டியது: 1 மணி நேரம்
வெடித்த சக்கரங்களுக்குப் பதில் கடைந்தது: 9 மணி நேரம்

“நேரத்தின் மேல் குற்றம் இல்லை. நாம் வாங்கியது பச்சை மரம்” என்றார்.

பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் நிற்கும். அதனால் மரம் வெடிக்கிறது. அச்சுத் துளையும் கோணலாகிறது.

இப்போது அவர்கள் மரத்தை முன்கூட்டியே வாங்குகிறார்கள். வெட்டு முனைகளில் மெழுகு தடவுகிறார்கள். இடையில் குச்சி வைத்து, நிழலில், காற்றுப் படும்படி அடுக்குகிறார்கள். வாரம் ஒரு முறை ஒரே துண்டை எடை போட்டு எழுதுகிறார்கள். எடை குறைவது நின்ற பிறகே கடைகிறார்கள்.

துண்டு இப்போது ஆணியில் தொங்குகிறது.

விடை கூறுங்கள்
1. சக்கரங்கள் ஏன் வெடித்தன?
2. வேலை மொத்தம் எத்தனை மணி நேரம் தடைப்பட்டது?
3. 10 வண்டிகளுக்கு எத்தனை சக்கரங்கள் வேண்டும்?
4. இயந்திரத்தின் அருகே துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஏன் ஆபத்து?

செய்து பாருங்கள்
உங்கள் வேலை எதனால் நிற்கிறது? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.