தண்ணிதானே என்று எண்ணலாமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வாகன சர்வீஸ் நிலையங்களிலும் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவிலும் அடியெடுத்து வைக்கப் போகிறோம். லேத்தையும் வெல்டிங் செட்டையும் கண்டால் எச்சரிக்கையாக இருக்கும் நாம், வாட்டர் வாஷ் கன்னைக் கண்டால் மட்டும் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். "தண்ணிதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது சரியா என்று நாம் படித்த ஹைட்ராலிக்ஸ் பாடத்தை வைத்தே பார்ப்போமே!

கணக்கு என்ன சொல்கிறது?

பத்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் சுமார் 1 பார். வாட்டர் வாஷ் இயந்திரமோ 100 பாருக்கு மேலும் தரும். அதாவது, ஆயிரம் மீட்டர் உயரத்தில் தொட்டி கட்டியதற்குச் சமம்! 100 பார் என்பது 1 கோடி பாஸ்கல். பெர்னோலி சமன்பாட்டில் இதைப் போட்டால், நாசிலை விட்டு வெளிவரும் நீரின் வேகம் விநாடிக்கு சுமார் 141 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். மனிதத் தோலைத் துளைக்க ஏறத்தாழ 7 பாரே போதும் என்கிறார்கள். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்னப் புள்ளி, பெரிய ஆபத்து

நான் பயிற்சிக்குச் சென்ற சர்வீஸ் நிலையத்தில், வேலை முடிந்ததும் காலில் ஒட்டிய சேற்றை அதே கன்னால் அடித்துக் கழுவிக்கொள்வது வழக்கம். ஒருநாள் ஒரு தம்பிக்குப் பாதத்தில் கடுகளவு ஓட்டை விழுந்தது. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் கணுக்கால் வரை வீங்கி, செருப்புப் போட முடியவில்லை. மருத்துவமனையில் பாதத்தைக் கீறி உள்ளே சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

காரணம் என்ன? வெளியே தெரிவது புள்ளிதான். உள்ளே போன நீர், சேற்றையும் கிருமிகளையும் சதைக்குள் பரப்பிவிடுகிறது. ஆகவே காயம் எவ்வளவு சிறிதானாலும் உடனே மருத்துவமனை போக வேண்டும். "குத்திடுச்சு" என்று மட்டும் சொல்லாமல், "அதிக அழுத்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கு" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை விரலையே காப்பாற்றலாம்.

மோட்டார் நின்றாலும் அழுத்தம் நிற்காது

பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வு, ஹோஸில் இருக்கும் நீரைத் திரும்ப விடாது. சுவிட்சை அணைத்த பிறகும் ஹோஸுக்குள் அழுத்தம் தங்கியிருக்கும். நாசிலை மாற்றுமுன் இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1. மோட்டாரை அணைக்கவும்.
2. தண்ணீர்க் குழாயை மூடவும்.
3. கன்னை யாருமில்லாத பக்கம் திருப்பி, டிரிக்கரை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றவும்.
4. டிரிக்கர் லாக்கைப் போடவும்.

மேலும் சில:

* டிரிக்கரைக் கம்பியால் கட்டி வைக்காதீர்கள். கை நழுவினால் கன் பாம்பு போலத் துள்ளும்.
* ஹோஸில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அட்டைத் துண்டு போதும். உப்பல், வெடிப்பு இருந்தால் ஹோஸை மாற்றுங்கள்.
* நிமிடத்துக்கு 10 லிட்டர் பாய்ந்தால், கன் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 23 நியூட்டன். தரையில் சமாளிக்கலாம். ஏணி மேல் நின்றால் ஆளையே சாய்த்துவிடும்.
* சிவப்பு நாசில் பூஜ்ய டிகிரி. நீர் ஒரே கோடாகப் பாயும். டயர் பக்கமே கொண்டு போகாதீர்கள். டயர் கழுவ அகல நாசில் போட்டு, ஓர் அடி தள்ளி நில்லுங்கள்.
* மின் மோட்டாருக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் கசிவு மின் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம். ஒயர் ஜாயிண்ட் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.
* பெட்ரோல் எஞ்சின் இயந்திரத்தை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.
* கண்ணாடியும் கம்பூட்டும் இல்லாமல் கன்னைத் தொடாதீர்கள். ஆனால் பூட் போட்டிருக்கிறோமே என்று காலில் அடித்துப் பார்க்கவும் வேண்டாம்!

முடிவாக

பயிற்சிக்குப் போகும் முதல் நாளே மேஸ்திரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது எத்தனை பார்? அழுத்தத்தை எப்படி இறக்குவது? மெயின் சுவிட்ச் எங்கே?" கேட்பதால் நம் கௌரவம் குறைந்துவிடாது. நாளை நாமே சூப்பர்வைசராகும்போது, புதிதாக வரும் தம்பி கேட்காவிட்டாலும் இந்த மூன்றையும் நாமே சொல்லிக்கொடுப்போம். படித்தவன் கடமை அதுதானே!