சான்றிதழ் சொல்வது என்ன?

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் தொடர்வண்டிகள் விடியுமுன்பே நிறைந்துவிடுகின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு இவ்வண்டிகளை நம்பியதாயிற்று. காவற்பணி, தொழிற்சாலைப் பணி, மருத்துவமனைப் பணி என எதைத் தேடிச் சென்றாலும், கல்விச் சான்றுடன் இன்னொரு தாளையும் கேட்கும் இடங்கள் இன்று பல. அதுவே காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ். 'போலீஸ் வெரிபிகேஷன்' என்றே ஊரார் அதனைக் கூறுவர்.

இதனோடு தொடர்புடைய பழைய நிகழ்ச்சி ஒன்று தங்கவயலுக்கு உண்டு. 1930ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளரைக் கைரேகையுடன் பதிவு செய்யும் புதிய ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. கைரேகை என்பது குற்றவாளியிடம் எடுக்கப்படுவது. மண்ணுக்கடியில் உழைத்துப் பிழைப்பவரிடம் எடுப்பது எவ்வாறு தகும்? தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தாமே விண்ணப்பித்து இச்சான்றிதழைப் பெறுகின்றனர். பழைய தயக்கம் மட்டும் சில வீடுகளில் எஞ்சியுள்ளது. "நம் பிள்ளை என்ன தவறு செய்தான்?" என்று பாட்டிமார் கேட்பது வியப்பன்று.

சான்றிதழ் ஒருவரை நல்லவர் என்று புகழ்வதில்லை. தீயவர் என்று ஐயுறுவதும் இல்லை. இந்நாள் வரை இவர்மீது காவல்துறைப் பதிவேடுகளில் வழக்கு உண்டா, இல்லையா என்ற ஒன்றையே அது கூறுகிறது. எனவே அதில் குறித்த தேதி முதன்மையானது. சென்ற ஆண்டில் பெற்றதை இவ்வாண்டு ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.

கர்நாடகத்தில் இதற்குச் 'சேவா சிந்து' இணையவாயில் வழியே விண்ணப்பிக்கலாம். கோலார் மாவட்டத்துக்குள் இருப்பினும் தங்கவயல் தனிக் காவல் மாவட்டமாகும். ராபர்ட்சன்பேட்டையா, ஆண்டர்சன்பேட்டையா, தம் வீடு எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் அடங்கும் என்று முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று. வெளிநாட்டு வேலைக்குரிய சான்று வேறு. அதனைக் கடவுச்சீட்டு அலுவலகமே வழங்கும். காவல்துறையின் அறிக்கை அங்கு அனுப்பப்படும்.

தமிழர்க்குப் பெரிதும் இடர் தருவது பெயரே. பள்ளிச் சான்றில் 'மு. எழிலரசி', ஆதார் அட்டையில் 'எழிலரசி எம்', கடவுச்சீட்டில் 'எழிலரசி முருகேசன்' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்பதைத் தமிழர் எளிதில் உணர்வர். பதிவேட்டைப் பார்க்கும் அலுவலர் எவ்வாறு உணர்வார்? தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் மரபு; பிறமொழி மாநிலத்தில் அதுவே குழப்பம் ஆகிறது. இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் வழங்குவதில்லை. ஆதலால் எழிலரசி அங்கே 'எளிலரசி' ஆகிவிடுவாள். (ழகரத்தின் அருமை அப்போதுதான் சிலருக்குப் புலப்படும்.) விண்ணப்பிக்குமுன் ஆவணங்களை அருகருகே வைத்துப் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒருவர்மீது வழக்கு இருந்தால் வேலை கிடைக்கவே கிடைக்காதா? முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டின் பதிவு; அது தீர்ப்பன்று. ஆயினும் வேலை விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதை மறைத்தல் கூடாது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது: தண்டனை, விடுதலை, கைது, நிலுவை வழக்கு ஆகியவை பற்றிய தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு குற்றத்தை ஒருவர் மறைத்திருந்தாலும், பணி தருவோர் விரும்பினால் அதனைப் பொருட்படுத்தாது விடலாம் என்றும் கூறியது. உண்மை கூறியவரையும் பணியில் சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. அவரது தகுதியை ஆராயும் உரிமை பணி தருவோர்க்கு உண்டு. இது கடுமையாகத் தோன்றலாம். எனினும் மறைத்தது பின்னாளில் வெளிப்பட்டால், கிடைத்த வேலையும் போகக்கூடும். சிறு வழக்கைவிடப் பொய்யே பெருங்குற்றமாக எண்ணப்படும்.

பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. சிறார் மீதான வழக்கு முடிந்துவிட்டால், நன்னடத்தைச் சான்றுக்காகவோ பிறவற்றுக்காகவோ அப்பதிவைக் காவல்துறை வெளியிடலாகாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் விதிக்கிறது. வகுப்பில் நடந்த பழைய சண்டை ஒன்று தன்னை வாழ்நாள் முழுதும் துரத்தும் என்று அஞ்சும் சிறுவனின் வீட்டார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கைக்கு வந்த சான்றிதழை உடனே படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருப்பின் வழங்கிய அலுவலகத்திலேயே திருத்தம் கேட்க வேண்டும். ஓர் எழுத்தாயினும் தாமே அடித்துத் திருத்தினால் அது போலி ஆவணம் ஆகிவிடும். நிறுவனம் மூலத்தைக் கேட்டால், நகலெடுத்து வைத்துக்கொண்ட பின்னரே கொடுக்க வேண்டும். "மூன்றே நாளில் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஆதார் எண்ணையும் கையொப்பமிட்ட வெற்றுத்தாளையும் ஒப்படைப்போர் இன்றும் இருக்கின்றனர்.

சொற்பொருள்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
நிலுவை – முடியாமல் நிற்பது
இடர் – துன்பம்

பயிற்சி
1. 1930இல் தங்கவயல் தொழிலாளர் கைரேகைப் பதிவை எதிர்த்தது ஏன்?
2. முதல் தகவல் அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பள்ளி அடையாள அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றில் உம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? இரண்டையும் பார்த்து எழுதி, வேறுபாடு இருப்பின் பெற்றோரிடம் காட்டுக.