மாமான்னா யாரு?

என் சித்தி பொண்ணு ஜார்ஜியாவில், திபிலிசியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். போன மாசம் வீடியோ காலில் ஒரு கதை சொன்னாள். பூங்காவில் ஒரு குட்டிப் பையன் "மாமா, மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து ஒருத்தர் காலைக் கட்டிக்கொண்டானாம். அட, இங்கேயும் தாய்மாமன் பாசமா என்று இவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தெதா'.

சீன மொழியில் மாமா என்றால் அம்மா. சுவாஹிலியிலும் அம்மாதான். மதுரையில்? அம்மா கூடப் பிறந்தவர், அத்தை வீட்டுக்காரர், மாமனார், அக்கா வீட்டுக்காரர் எல்லாரும் மாமா. கோரிப்பாளையம் சிக்னலில் "டேய், மாமா நிக்கிறாரு" என்றால் டிராஃபிக் போலீஸ். இன்னொரு அர்த்தமும் இருக்கு, எழுதினால் எடிட்டர் வெட்டிடுவார்.

"உலகம் முழுக்க அம்மா, மாமா என்கிறார்கள், எனவே எல்லா மொழியும் தமிழிலிருந்தே வந்தது" என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். ஃபர்ஸ்ட் இயரில் நானே அதைப் பெருமையா ஷேர் பண்ணியவன்தான். ஆனா ஒரு சொல் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரண்டு மொழிகள் சொந்தமாகிவிடாது. சொந்தம் என்றால் மாற்றம் வரிசையாக வரணும். நம்ம பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. சொல்லின் முதலில் நமக்கு 'ப' வரும் இடத்தில் அவர்களுக்கு 'ஹ'. இதுதான் ஆதாரம். தமிழுக்கும் ஜார்ஜியனுக்கும் இப்படி ஒரு வரிசையைக் காட்ட முடியாது.

அப்போ ஒலி மட்டும் எப்படி ஒத்துப்போகுது? மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கும், மூக்கு வழியாகத்தான் சத்தம் வரும்: ம்ம்ம். பிறகு பசித்தாலும் அதே ம்ம்ம். சோறு கொடுப்பவள் அதைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். நம்ம வீட்டில் குழந்தைக்குச் சோறு 'மம்மு'தானே? மானிடவியலாளர் மர்டாக் பல மொழிகளிலிருந்து சேர்த்த 1072 சொற்களை அவர் பார்க்கிறார். அம்மாவைக் குறிப்பவற்றில் 55% மூக்கொலிச் சொற்கள், அப்பாவைக் குறிப்பவற்றில் 15% மட்டுமே. ஜார்ஜிய அப்பா அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒருத்தர்.

ஆக, ஒலியைக் கொடுத்தது குழந்தை. அது யாரைக் குறிக்கும் என்று முடிவு பண்ணியது ஊர். இந்தியில் மாமா என்றால் அம்மாவின் சகோதரர் மட்டும், மாமனாருக்கு வேறு சொல். நம்ம பக்கம் மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டும் வழக்கம் இருந்ததால், மாமாவோ அத்தை வீட்டுக்காரரோ மாமனாராகவும் ஆகிவிடுவார். ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு பெயர்? தாமஸ் டிரவுட்மன் 1981-இல் 'திராவிட உறவுமுறை' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

எனக்கு ஆச்சரியம் தந்தது 'அங்கிள்'. லத்தீனில் 'அவுங்குலுஸ்' என்ற சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் பொருள் அம்மாவின் சகோதரர் மட்டுமே! சித்தப்பா, பெரியப்பாவுக்கு 'பாத்ருஉஸ்' என்று தனிச் சொல் இருந்தது. இங்கிலீஷில் அந்த வித்தியாசம் கரைந்துபோய், இன்று ஹவுஸ் ஓனர் வரைக்கும் எல்லாரும் அங்கிள்.

ஏழாம் வகுப்பில் எங்கள் ஸ்கூல் விழாவுக்கு மேலூரிலிருந்து மாமா வந்திருந்தார், கையில் காராச்சேவு பொட்டலத்தோடு. அவர் மடியில் உட்கார்ந்துதான் எனக்குக் காது குத்தினார்கள். ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி கூச்சப்பட்டு "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்: "உன் மகன் என்னையப் பக்கத்து வீட்டுக்காரனாக்கிட்டான்க்கா."

போன ஞாயிற்றுக்கிழமை இந்த லத்தீன் கதையை அவரிடம் விளக்கினேன். அன்று நான் கூப்பிட்டதும் ஒரு வகையில் தாய்மாமன்தான் என்று. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப உன் கல்யாணச் சீரை அந்த லத்தீன்காரன்ட்டயே வாங்கிக்க, மாப்ள."