சதுர எஃகுக் குழாய்

மூங்கில் உள்ளீடற்றது. ஆயினும், ஏணிக்கும் பந்தற்காலுக்கும் நம் முன்னோர் அதனையே தேர்ந்தனர். பறவையின் எலும்பும் நாணலின் தண்டும் அத்தகையனவே. ஒரே அளவு பொருளால் ஆயினும், திண்ணிய கோலினும் உள்ளீடற்ற கோலே வலிமை மிக்கது என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எலும்பையும் நாணலையும் சான்று காட்டி விளக்கினார். இவ்வுண்மையைப் பயன்கொண்டே இன்று உழவுக் கருவிகள் பலவற்றின் சட்டங்களைச் சதுர எஃகுக் குழாயால் அமைக்கின்றனர்.

நீண்ட எஃகுப் பட்டையை உருளைகளின் இடையே செலுத்தி வட்டமாக வளைப்பர். அதன் இரு விளிம்புகளையும் மின்வெப்பத்தால் இணைப்பர். பின்னர் வேறு உருளைகளால் அழுத்திச் சதுரமாக்குவர்.

இதன் வலிமையைக் கணக்கிட்டே அறியலாம். 30 மி.மீ. பக்கமுள்ள திண்ணிய சதுரத் தண்டு ஒன்றையும், 50 மி.மீ. பக்கமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள சதுரக் குழாய் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் குறுக்குவெட்டுப் பரப்பும் 900 சதுர மி.மீ. ஆகும், எனவே மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் என்னும் எடையும் ஒன்றே. எனினும் ஒரே சுமையை ஏற்றினால், குழாய் வளையும் அளவு தண்டு வளைவதில் நான்கில் ஒரு பங்கினும் குறைவு. காரணம் யாது? வளையும் பொருளின் ஒரு புறம் இழுபடுகின்றது, மறுபுறம் நெருக்கப்படுகின்றது, நடுப்பகுதிக்கோ வேலை சிறிதே. குழாயில் எஃகின் பெரும்பகுதி வேலை மிகுந்த ஓரங்களை ஒட்டி நிற்கின்றது.

டிராக்டர் இழுக்கும் கொக்கிக் கலப்பையின் கோடிக் கொழு ஒன்று மண்ணுள் மறைந்த பாறையில் மோதுவதாகக் கொள்வோம். அப்போது சட்டம் வளைவதோடு முறுக்கவும்படும். ஒரு புறம் திறந்த இரும்புச் சட்டம் எளிதில் முறுகிவிடும். நாற்புறமும் மூடிய குழாயோ அதனைத் தாங்கி நிற்கும்.

ஆயினும் குழாயைக் கையாளுவதில் கவனம் வேண்டும். அதன் சுவர் மெல்லியது. துளையிட்டு மரையாணியை இறுக்கினால் பக்கங்கள் உள்வாங்கும். ஆகவே துளையின் ஊடே சிறு குழல் ஒன்றைச் செருகியபின் முடுக்குதல் நன்று. துளையையும் மேல் கீழ்ப் பக்கங்களில் இடாது, பக்கச் சுவர்களின் நடுவில் இடுதல் வேண்டும். முறிந்த குழாயின் முனைகளை வெறுமனே ஒட்டவைத்தால் அவ்விடமே மீண்டும் முறியக்கூடும். உள்ளே பொருந்தும் துண்டு ஒன்றைச் செலுத்திச் சுற்றிலும் பற்றவைத்தால் இணைப்பு உறுதிபெறும்.

குழாயினுள் நீர் புகுந்தால், கண்ணுக்குத் தெரியாமலே துரு அரிக்கும். அதனைத் தடுக்க முனைகளைத் தகட்டால் மூடுவர். ஆனால் முற்றிலும் மூடிய குழாயைப் பழுதுபார்க்கும் போது சூடேற்றினால், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாயை வெடிக்கச் செய்தல் கூடும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் அதனால் ஆபத்து நேரலாம். ஆதலின், முதலில் சிறு துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்தல் வேண்டும். வேலை முடிந்து குழாய் ஆறியபின் அத்துளையை அடைத்துவிடலாம்.

உழவுப் பருவத்தில் கலப்பை முறிந்தால் ஒவ்வொரு நாழிகையும் அரியதே. எனினும் எத்துணை விரைவு வேண்டியிருப்பினும், அச்சிறு துளையை இட்ட பின்னரே நெருப்பை மூட்டுபவன் தேர்ந்த தொழிலாளி ஆவான்.