மணற்கடலில் ஜீப் சவாரி: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

உல்லாசப் பிரயாணமாக இந்தோனேசியாவுக்குப் போகிற நம்மவர்களுக்குப் பாலித் தீவுக்கு அடுத்தபடியாகக் கிழக்கு ஜாவாவில் புகை கக்கிக்கொண்டு நிற்கும் புரோமோ எரிமலை நினைவுக்கு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. இருட்டோடு இருட்டாக ஜீப்பில் ஏறி, பாதையே இல்லாத மணல்வெளியைக் கடந்து, மலை விளிம்பில் சூரியோதயம் கண்டு, பிறகு எரிமலையின் வாயையும் எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று பிரயாண ஏஜெண்டுகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் போய்வந்தவர்கள் சொன்னதும், போகாதவர்கள் படம் பார்த்துக் கற்பித்துக்கொண்டதுமாகச் சேர்ந்து இந்த யாத்திரையைச் சுற்றி வளர்ந்துவிட்ட அபிப்பிராயங்கள் பல. அவற்றுள் சில வெறும் வேடிக்கை, சில கையையோ காலையோ முறித்துக்கொள்ள வழிசெய்பவை.

வேடிக்கையானதிலிருந்து தொடங்குவோம். காலண்டர்களிலும் தபால் அட்டைகளிலும் முன்னால் கம்பீரமாக நிற்கும், கொசுவம் வைத்துக் கட்டிய பாவாடைபோல மடிப்பு மடிப்பான சரிவுகளையுடைய அந்த அழகிய கூம்புதான் புரோமோ என்று நம்பாதவர் அபூர்வம். அது புரோமோ அன்று. பாத்தோக் என்னும் அடங்கிப்போன குன்று. உயரம் 2,440 மீட்டர். அதன் பக்கத்தில், தலை வெட்டுண்டாற்போல் உருக்குலைந்து, சாம்பல் நிறமாய்ப் புகைந்துகொண்டிருப்பதுதான் புரோமோ. அது 2,329 மீட்டரே உயரமுள்ளது. இரண்டுக்கும் பின்னால், தூரத்தில், அவ்வப்போது ஒரு குமிழ்ப் புகையை ஊதிவிட்டு மௌனமாகிவிடும் நெடுமலை செமேரு. 3,676 மீட்டர் உயரமுள்ள அதுவே ஜாவாவின் சிகரங்களுள் உயர்ந்தது. புரோமோவும் பாத்தோக்கும் தெங்கெர் என்ற புராதன எரிமலை இடிந்து விழுந்ததால் உண்டான மாபெரும் பள்ளத்தின் தரையிலிருந்து முளைத்தவை. அந்தத் தரைதான் ஜீப்புகள் ஓடும் மணற்கடல்.

புரோமோவுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதாக எண்ணிக் காமிராவை அந்தப் பக்கமே திருப்பி வைத்துக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. யாத்திரிகர்கள் கூடும் பெனஞ்சாக்கான் முனை, சுமார் 2,770 மீட்டர் உயரத்தில், பள்ளத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. அங்கே நின்றால் எரிமலைகள் தெற்கே. சூரியன் உதிப்பதோ இடக்கைப் பக்கம். முதலில் கிழக்கே திரும்பிக் கைதட்டிவிட்டு, ஐந்து பத்து நிமிஷம் கழித்துத் தெற்கே திரும்புகிறவனுக்குத்தான், பக்கவாட்டில் விழும் இளவெயிலில் பாத்தோக்கின் மடிப்புகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும் காட்சி கிடைக்கும். அதற்குள் கூட்டத்தில் பாதி ஜீப்புக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும்! மேலே இடம் கிடைக்காமல் போனால் பிரயாணமே வீண் என்பதும் சரியல்ல. வழியிலேயே கீழே இருக்கும் ‘கிங்காங் குன்று’ போன்ற முனைகளிலிருந்து எரிமலை இன்னும் அருகிலும் பெரிதாகவும் தெரியும். நெரிசலும் சற்றுக் குறைவு.

பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே உள்ள இடத்தில் என்ன குளிர் இருந்துவிடப் போகிறது என்ற தைரியத்தோடு பருத்திச் சட்டையும் செருப்புமாகப் புறப்பட்டு வருகிறவர்களைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். உஷ்ணப் பிரதேசம் என்பது கடல்மட்டத்துச் சமாசாரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் இறங்கிவிடும். மணற்கடலின் தரையே ஏறக்குறைய நம் கொடைக்கானலின் உயரத்தில் இருக்கிறது. அதோடு, மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொடுத்துவிட, கனத்த குளிர்காற்று சுற்றுச் சுவர்களிலிருந்து வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சில அதிகாலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்கிறது. நமக்குக் குளிர் என்றால் மார்கழி. அங்கே ஆடிதான் மார்கழி. ஆகவே கோடை விடுமுறையின் ஞாபகத்தோடு ஆடியில் போகிறவர் கம்பளிச் சட்டையும், காதுமூடும் குல்லாவும், கையுறையும் எடுத்துக்கொள்வது அவசியம். உள்ளூர்த் தெங்கெர் மக்கள் ஒரு கனத்த கைலியைத் தோள்மேல் போர்த்து முன்னால் முடிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, அது ஏதோ திருவிழாக் கோலம் என்று படம் எடுக்கிறார்கள், அது குளிருக்காகத்தான்.

இனி ஜீப்புக்கு வருவோம். அங்கே ஜீப் என்று பொதுவாகச் சொல்லப்படுவதும், உள்ளூரார் ‘ஹார்ட்டாப்’ என்று அழைப்பதும், பெரும்பாலும் 1960-க்கும் 1984-க்கும் இடையே ஜப்பானில் தயாரான டொயோட்டா லேண்ட் க்ரூசர் வகையைச் சேர்ந்த பழைய வாகனங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் வர்ணங்களில் அவை வரிசையாக நிற்பதைக் கண்டு, இத்தனை பழைய வண்டியிலா நம்மை ஏற்றுவது என்று முகம் சுளிக்கிறவர் உண்டு. முகம் சுளிக்க வேண்டியதில்லை. கனத்த இரும்புச் சட்டமும், பட்டை ஸ்பிரிங்குகளும், கிராமத்துப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டக்கூடிய எளிய எஞ்சினும் உள்ள வண்டிக்கு அந்த மணலிலும் சாம்பல் தூசியிலும் இருக்கும் சௌகரியம், மின்சாரக் கருவிகள் நிறைந்த புது வண்டிக்கு எளிதில் வாய்ப்பதில்லை. கவனிக்கவேண்டியது வண்டியின் வயதை அல்ல. டயரின் பள்ளம் தேயாமல் இருக்கிறதா, பின்னிருக்கையில் வார் உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பவற்றைத்தான். வார் இல்லாத வண்டியானால் வேறு வண்டி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘ஃபோர் வீல் போட்டுவிட்டால் எங்கும் போகும், எங்கும் நிற்கும்’ என்பது நம் ஊர் மலைப்பாதைகளிலும் கேட்கும் வாக்கியம். பாதி உண்மை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போய்ச் சேர்வதால் வண்டி புறப்படுவதும் ஏறுவதும் எளிதாகிறது. நிற்பதற்கு அது ஒரு சிறிதும் உதவுவதில்லை. பிரேக் என்பது எந்த வண்டியிலும் நான்கு சக்கரங்களிலும்தானே பிடிக்கிறது! மேலே ஏறும்போது கிடைத்த தெம்பை நம்பி இறக்கத்தில் வேகம் எடுக்கிறவன்தான் வளைவில் தடுமாறுகிறான். ஆகவே அனுபவமுள்ள சாரதி பெனஞ்சாக்கானிலிருந்து இறங்கும்போது கீழ்க் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, பிரேக்கை எப்போதாவது தொடுவான். ஓயாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எஞ்சின் உறுமுகிறதே, ஏதோ கோளாறு என்று பின்னாலிருந்து பயப்படுகிறவர்கள், அந்த உறுமல் இல்லாதபோதுதான் பயப்படவேண்டும்.

மணலைப் பற்றியும் ஒரு தலைகீழ் நம்பிக்கை இருக்கிறது. மழை பெய்தால் சேறாகி வண்டி புதையும், வெயில் காலத்தில் மணல் கெட்டியாக இருக்கும் என்று நினைக்கிறோம். எரிமலைச் சாம்பலும் மணலும் கலந்த அந்தத் தரை, மிதமாக நனைந்தால் துகளோடு துகள் ஒட்டி இறுகுகிறது. மாதக்கணக்கில் காய்ந்தபின்தான் மாவுபோல் நெகிழ்ந்து, சக்கரம் சுழலச் சுழலக் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய வண்டியை ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெளியேற்றப் பார்ப்பது அறியாதவர் வேலை. ஆட்களை இறக்கிப் பாரத்தைக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்வாங்கி, வேறு கோட்டில் நிதானமாக, நடுவில் நிறுத்தாமல் போவதே வழி. டயரின் காற்றைக் குறைத்தால் அது மணலில் அகன்று பதிந்து மிதக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அதே வண்டி சற்று நேரத்தில் தார் போட்ட கொண்டையூசி வளைவுகளில் ஏறியாகவேண்டும், அங்கே தளர்ந்த டயர் ஆபத்து. இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவைச் சாரதி கைப்பழக்கத்தால் வைத்திருப்பான்.

அந்தச் சாரதி வெறும் வண்டியோட்டி, நாம் கட்டளையிட்டால் செய்பவன் என்ற எண்ணத்தால்தான் பெரும்பாலான அசம்பாவிதங்களுக்கு இடம் உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம். மணற்கடலுக்குள் சொந்தக் காரை இறக்க அனுமதி இல்லை. சுற்றியுள்ள கிராமங்களின் சாரதிகள் சங்கம் அமைத்து முறைவைத்து ஓட்டுகிறார்கள். மூடுபனியும் முன்வண்டியின் தூசியும் சேர்ந்து விளக்கு வெளிச்சத்தைச் சுவராக்கிவிடும் நேரத்தில், தரையின் நிறத்தையும் பழைய தடங்களையும் கொண்டு திசை கண்டுபிடிக்கும் வித்தை ஒரு சீசனில் வருவதல்ல. அப்படிப்பட்டவனைத் தோளில் தட்டி, ‘இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக’ என்று உற்சாகப்படுத்துவதும், ஓடும் வண்டியின் கூரைமேல் உட்கார்ந்து படம் எடுக்க அடம்பிடிப்பதும் நம்மவர்களிடம் அதிகம். கூரைமேல் நாலு பேர் ஏறினால் வண்டியின் பாரம் மேலே போய்விடுகிறது. பக்கச் சரிவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது சாய்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. நின்ற வண்டியில் ஏறி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

ஜீப் எரிமலையின் வாய்வரை போகும் என்பதும் தவறு. போத்தென் என்னும் கோயிலின் அருகே மணலில் அது நின்றுவிடும். அங்கிருந்து நடந்தோ, வாடகைக் குதிரையிலோ போய், கடைசியில் சுமார் 250 படிகளைச் சொந்தக் காலால் ஏறவேண்டும். மேலே போனபின் புகை வெண்மையாக அழகாயிருக்கிறதென்று அதற்குள்ளே நின்று படம் எடுக்கிறவர்கள், அதில் நீராவி மட்டுமின்றிக் கந்தக வாயுவும் இருப்பதை இருமல் வந்த பிறகே உணர்கிறார்கள். இழுப்பு நோய் உள்ளவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துக்கொண்டு ஏறுவது நலம். தினமும் ஆயிரம்பேர் ஏறும் இடம் அபாயமில்லாதது என்ற தர்க்கமும் செல்லாது: 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முன்னறிவிப்பின்றிப் புரோமோ சீறியபோது இருவர் மாண்டனர். எரிமலை ஆராய்ச்சி நிலையத்தார் நான்கு படிகளாக எச்சரிக்கை வகுத்து, இத்தனை தூரத்துக்குள் போகாதே என்று அவ்வப்போது எல்லை கட்டுகிறார்கள். புறப்படுமுன் அன்றைய படி என்னவென்று கேட்டுக்கொள்ள வேண்டும். போகாதே என்று சாரதி சொன்னால் கொடுத்த பணத்தைக் காட்டி வாதிடக் கூடாது.

பாலியில் உபுத் வட்டாரத்தில் வயலும் சேறுமான தடங்களில் நாமே ஓட்டும் ஏ.டி.வி. என்ற சிறு நான்குசக்கர வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு அது விளையாட்டு என்கிறார்கள். உண்மையில் அந்தப் பழக்கமே அங்கே சத்துரு. வண்டி சாய்கிறாற்போல் இருந்தால் அனிச்சையாகக் காலை ஊன்றுவது சைக்கிள்காரனின் சுபாவம். இதில் ஊன்றிய காலின்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் தானே சாய்ந்து கொடுக்கும். இது சாயாது, ஓட்டுகிறவன்தான் தன் உடலைத் திருப்பத்தின் உட்பக்கமாகச் சரிக்கவேண்டும். வேகக் கட்டுப்பாடு கைப்பிடியை முறுக்குவதில் அல்ல, பெரும்பாலும் கட்டைவிரலால் தள்ளும் ஒரு நெம்புகோலில் இருக்கிறது. சேற்றில் ஆரம்பப் பாடம் சொல்லித்தரும் பத்து நிமிஷத்தைச் சிரித்துக்கொண்டே கழிப்பவர்கள் இவற்றையெல்லாம் வழியில் கற்றுக்கொள்கிறார்கள். பிரயாண இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வோர், பத்திரத்தின் பொடி எழுத்தில் இத்தகைய வாகனங்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஊரிலேயே படித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, மணற்கடல் யாருக்கும் சொந்தமில்லாத பாழ்நிலம், அங்கே எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆடலாம் என்ற எண்ணம். அது 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிரதேசத்தின் நடுப்பகுதி. அதற்கும் முந்தி, ஹிந்து சமயத்தைக் கைவிடாத தெங்கெர் மக்களின் க்ஷேத்திரம். ஆண்டுக்கொரு முறை கசாடா விழாவில் அவர்கள் தம் வயலில் விளைந்த உருளைக்கிழங்கையும் கோசையும், ஆட்டையும் கோழியையும் எரிமலையின் வாயில் காணிக்கையாகப் போடுகிறார்கள். உட்சரிவில் வலைபிடித்து நின்று அவற்றை ஏந்திக்கொள்ளும் ஏழைகளும் உண்டு, யாரும் தடுப்பதில்லை. அவர்களுடைய மலைக்கு 2023 செப்டம்பரில் நேர்ந்தது எல்லோரும் அறிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் அலங்காரப் படத்துக்காக, காய்ந்த புல்வெளியில் யாரோ கொளுத்திய புகைவாணம் புல்லைப் பற்றிக்கொள்ள, சுமார் 500 ஹெக்டேர் எரிந்து போயிற்று. மலைக் கிராமங்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய்களும் கருகின. படத்துக்கு ஏற்பாடு செய்தவர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்.

வழியில் வெள்ளைப் பூங்கொத்து விற்பார்கள். ஜாவாவின் எடல்வைஸ் என்று பெயர். காட்டில் பறித்தது என்றால் அது சட்ட விரோதம், நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அப்படியே. ஆனால் வொனோகித்ரி கிராமத்தில் அதையே தோட்டமிட்டு வளர்க்கிறார்கள். அந்தப் பூவை வாங்கிக்கொள்ளலாம். விற்கிறவரிடம் எந்தத் தோட்டத்தது என்று கேட்டுவிட்டு.